கல்யாண ஆல்பமும் விசா ஜன்னலும்

என் கல்யாணத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேருக்கு மாப்பிள்ளையின் பெயர் தெரியாது. அமெரிக்காவில் இருக்கிறார் என்பது மட்டும் தெரியும். அவருக்கு மூன்று வாரம்தான் லீவு. சங்கரன்கோவிலில் கல்யாணம், திருவேங்கடத்தில் அவர் வீடு, இடையில் சொந்தக்காரர்கள் இருக்கிற ஊரிலெல்லாம் விருந்து. போன இடத்திலெல்லாம் எங்களை இலை முன்னால் உட்கார வைத்துவிட்டு வீடே சுற்றி நின்று பார்த்தது. ராத்திரி கதவைச் சாத்தினால், பால் வேண்டுமா என்று யாராவது தட்டினார்கள். நாங்கள் இரண்டு பேரும் நிதானமாகப் பேசிக்கொண்டது அவரை மதுரை விமான நிலையத்தில் விடப் போன காரில்தான். அதிலும் முன் சீட்டில் அப்பா.

அவர் அந்த நாட்டுக் குடிமகன். நானும் அங்கே போய்க் குடியேற அவர் விண்ணப்பம் போட்டார். காகிதங்கள் ஒவ்வொரு மேசையாக நகர்ந்து, மும்பை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணல் என்று தகவல் வர ஒன்றரை வருடம் ஆனது. அதுவரை போனிலேயே குடும்பம் நடத்தினோம். கடைவீதிக்குப் போனால், "என்னட்டி, இன்னும் போகலியா?" என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். "வரும்போது வரட்டும்" என்று அலட்சியமாகச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து எரிந்து விழுவேன். நேர்காணலில் எங்களுடையது விசாவுக்காகச் செய்த பொய்க் கல்யாணம் என்று தோன்றிவிட்டால் மறுத்துவிடுவார்களாம். அந்த பயத்திலேயே பாதி இளைத்துவிட்டேன்.

அப்பா தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காகிதம் கூடினால் காரியம் நடக்கும் என்று உறுதியாக நம்புகிறவர். கேட்ட சான்றிதழ்களோடு கல்யாண ஆல்பத்தின் சின்னப் பிரதியையும் எடுத்து வைத்தார்.

"இது எதுக்குப்பா?"

"கெடக்கட்டும் மக்கா. கூட ஒண்ணு இருந்தா என்ன கொறைஞ்சா போவுது?"

மும்பையில் என் போனை வாங்கி வைத்துக்கொண்டு அப்பா வெளியே நின்றார். உள்ளே கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஓர் இளவயது அதிகாரி. பக்கத்தில் அவருக்குத் தமிழை மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு பெண். அதிகாரி முதலில் ஆல்பத்தைத்தான் திறந்தார். இரண்டு பக்கம் புரட்டியவர் நிறுத்தினார்.

"நீங்கள் அமெரிக்காவுக்கு வந்ததே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இது எப்போது எடுத்தது?"

படத்தில் கழுத்தில் ரோஜா மாலையோடு நானும் அவரும் சுதந்திரதேவி சிலைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தோம்.

அது எங்கள் ஊர் ஸ்டூடியோக்காரரின் கைவரிசை. "மாப்பிள்ளை அமெரிக்காவா? அப்பம் சும்மா விடக்கூடாது அண்ணாச்சி" என்று அப்பாவிடம் சொல்லி அவராகச் செய்தது. ஊரே பார்த்து ரசித்த படம். ஸ்டூடியோவில் ஒட்டியது என்று எல்லோருக்கும் தெரியும் என்பதால் யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. எனக்கும் உறைக்கவில்லை.

"அது கம்ப்யூட்டர்ல ஒட்டுனது" என்றேன்.

அடுத்த பக்கம் தாஜ்மஹால். "அதுவும் ஒட்டுனதுதான்." அதற்கடுத்து பனிமலை. என் குரலே எனக்குப் பொய்யாகக் கேட்டது.

அதிகாரி படத்தில் என் தோளைத் தொட்டுக் காட்டினார். உற்றுப் பார்த்தால் அங்கே வளையல் போட்ட ஒரு கை மட்டும் தனியாக இருந்தது. யாருடைய கை என்று கேட்டார்.

"எங்க சித்தி கை. பக்கத்துல நின்னாங்க. ஸ்டூடியோல சித்தியத் தூக்கிட்டாங்க, கையை விட்டுட்டாங்க."

மொழிபெயர்த்த பெண் வாயைப் பொத்திக்கொண்டார். அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. ஒட்டாத படங்களையெல்லாம் பொறுமையாகப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் ஒரு கூட்டம் நின்றது. கடைசியில், "நீங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கிற படம் ஒன்றுகூடவா இல்லை?" என்றார்.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"எங்கன எடுக்க? எங்க ரெண்டு பேரையும் ஒரு நிமிசம் தனியா விட்டாங்களா? விருந்துக்குப் போனா ஊரே கூட வரும். கார்ல போனா அப்பா. போன்ல பேசுனா அம்மா பக்கத்துலயே உக்காந்திருப்பா. நான் அவரு கூட இன்னும் இருந்ததே இல்ல. அதுக்குத்தான் விசா கேக்குதேன்."

சொல்லி முடித்ததும் அழுகை வந்துவிட்டது. அந்தப் பெண் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, மெல்லிய குரலில் மொழிபெயர்த்தார். அதிகாரி ஆல்பத்தை மூடி என் பக்கம் தள்ளினார். பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டார். விசா கிடைத்துவிட்டது.

வெளியே ஓடி வந்து அப்பாவிடம் சொன்னேன். "ஆல்பத்தப் பாத்தாங்களா? நான் அப்பமே சொன்னேம்லா!" என்று பூரித்துப்போனார். என் போனில் அவரே மாப்பிள்ளைக்கு அழைத்தார். மணி அடிக்கும்போதே அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு நடந்தேன்.

"மாப்பிள்ளைட்ட நானும் ரெண்டு வார்த்தை பேசிக்கிடுதேன்" என்று அப்பா பின்னாலேயே வந்தார்.

"நீங்க இங்கனயே நில்லுங்கப்பா" என்றேன். நின்றார்.