கீழிருந்து வெட்டுவார்கள்

இருபத்திரண்டு ஆண்டுகளாக நிருபராக இருக்கும் அவர் கடன் சொல்லிக்கூட டீ குடித்ததில்லை. செய்திக்காக யாரிடமும் பணக் கவர் வாங்கியதே இல்லை. அதனால் தன்னை நேர்மையானவர் என்று நம்பினார். அது பாதி உண்மைதான் என்பது ஒரு மருத்துவமனைச் செய்தியில் தெரிந்தது.

தவறான ஊசி மருந்தால் நோயாளி ஒருவர் இறந்துபோனார். மாலை நான்கு மணிக்கெல்லாம் மருத்துவமனையின் மக்கள் தொடர்பு அதிகாரி அறிக்கையோடு வந்துவிட்டார். தட்டச்சு செய்த ஒரே பக்கம், இரண்டு படங்கள், தலைப்புகூடத் தயார்: 'நர்சின் கவனக்குறைவு'. பத்திரிகைக்காரனுக்கு எது எப்போது வேண்டும் என்று அறிந்த மனிதர். நிருபரின் மனைவி கிண்டல் செய்வாள்: "பால் வாங்கிட்டு வரச் சொன்னா மறந்துடும். அந்த ஆளு போன் நம்பர் மட்டும் தூக்கத்துல கேட்டாலும் வரும்."

ஐந்தரைக்கு நிருபர் நர்சுக்குப் போன் செய்தார். அவள் இருபது நிமிடம் அழுதுகொண்டே பேசினாள். போட வேண்டிய மருந்து, மாறிப்போன மருந்து இரண்டின் குப்பிகளும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கின்றன, மாற்றுங்கள் என்று மேலிடத்துக்கு இரண்டு முறை எழுதிக் கொடுத்திருக்கிறாள். அதை இரண்டு வரியாக்கிக் கடைசிப் பத்தியில் வைத்தார். மறுநாள் அந்தப் பத்தி வரவில்லை. அந்த இடத்தில் சோப்பு விளம்பரம்.

நர்ஸ் அலுவலகத்துக்கே வந்தாள். கையில் பத்திரிகைத் துண்டு.

"நான் சொன்னது எங்க சார்?"

"எழுதினேம்மா. இடம் பத்தலன்னா கீழேருந்து வெட்டிடுவாங்க."

"திங்கக்கிழமை விசாரணை. இந்தப் பேப்பரைத்தான் ஃபைல்ல வச்சிருக்காங்க. என் மாமியார் இதைப் படிச்சதுலேர்ந்து எம் பிள்ளைக்கு மருந்து கொடுக்கக்கூட என்னை விடமாட்டேங்குறாங்க."

எல்லாம் விதி என்று அக்கம்பக்கம் ஆறுதல் சொல்கிறதாம். விதிக்கு ஏது கத்தரிக்கோல்?

அவர் ஆசிரியரிடம் போய்த் திருத்தம் கேட்டார். "வந்ததுல ஒரு வரி பொய்யாய்யா? எதைத் திருத்தறது?" என்றார் ஆசிரியர். பொய் ஒரு வரியும் இல்லைதான். உண்மைகளை வரிசைப்படுத்தியே ஒருத்தியைக் கொன்றுவிடலாம். அதற்குச் சட்டத்தில் பிரிவு கிடையாது.

திங்களன்று, தான் எழுதிய முழுச் செய்தியின் நகலில் கையெழுத்திட்டு விசாரணைக் குழுவிடம் நீட்டினார். அவள் எழுதிய கடிதங்களைத் தேடச் சொல்ல அது போதும் என்று நினைத்தார். தலைவர் கண்ணாடியைக் கழற்றாமலே கேட்டார்: "இது அச்சுல வந்துச்சா?"

"வரலைங்க."

"வராததை நாங்க எப்படிங்க எடுத்துக்கறது?"

கடிதங்கள் எதுவும் பதிவில் இல்லை என்று மருத்துவமனை சொன்னது. அரைமணி நேரத்தில் அவள் வேலை போயிற்று.

வெளியே மரப் பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். தன் பங்குக்குச் செய்துவிட்டதைக் காட்டத்தானோ என்னவோ, அவர் அந்த நகலை அவளிடம் கொடுத்தார். அவள் மேலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். அதிகாரி சொன்னது முதல் பத்தியில். மருத்துவமனையின் வருத்தம் இரண்டாவதில். வார்டின் வரலாறு, படுக்கைகளின் எண்ணிக்கை எல்லாம் நடுவில். தாளின் அடியில் வந்து விரல் நின்றது.

"கீழேருந்துதான் வெட்டுவாங்கன்னு அன்னிக்கு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமாம்மா."

"எழுதும்போதே தெரியுமா சார்?"

இடம், நேரம், விளம்பரம் என்று பதில்கள் வரிசையாக நாக்கில் நின்றன. எல்லாமே உண்மைகள்தான்.

"தெரியும்," என்றார்.

அவள் தாளை நான்காக மடித்து அவர் சட்டைப்பையிலேயே வைத்துவிட்டு எழுந்து போனாள்.