கடப்பாரை சிக்னல்

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போகும் ஃபைபர் கேபிளை யாரும் தோண்டி அறுத்துவிடாமல் பார்ப்பது என் வேலை. கேபிளில் சும்மா கிடக்கும் ஓர் இழையில் லேசர் அனுப்புவோம். மேலே மண் அதிர்ந்தால் திரும்பி வரும் ஒளி மாறும். எந்த இடம் என்று ஸ்கிரீனில் கோடு விழும். மாடு நடந்தால் ஒரு மாதிரி, டிராக்டர் போனால் வேறு மாதிரி. கடப்பாரை என்றால் அலாரம்.

அன்று மத்தியானம் வடக்கனந்தலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கண்ட்ரோல் ரூமிலிருந்து ஸ்டெல்லா கூப்பிட்டார். "சார், மலையடிவாரத்துல கடப்பாரை சிக்னல். நிக்கவே மாட்டேங்குது." போன மாதம்தான் கேபிள் கட் ஆகி மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். பாதிச் சாப்பாட்டில் ஜீப்பை எடுத்தேன்.

நாலைந்து பேர் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். "யாரைக் கேட்டுய்யா தோண்டறீங்க? போலீஸக் கூப்புடட்டா?" என்று கத்தி, ஒருவர் கையிலிருந்த கடப்பாரையைப் பிடுங்கி வீசினேன். அப்புறம்தான் புளியமரத்தடியில் துணி போர்த்திக் கிடத்தியிருந்த உடலைப் பார்த்தேன். சுற்றிலும் பெண்கள். என் சத்தத்தில் அவர்கள் அழுகை நின்றுபோயிருந்தது.

கடப்பாரைக்காரர் இறந்தவரின் மகன். "எங்கப்பாவுக்குங்க. அம்மாவ இங்கதான் வச்சிருக்குது. பக்கத்துலயே வையின்னு சொல்லிக்கினே இருந்தாரு," என்றார்.

பக்கத்தில் கல் நட்ட மேடு ஒன்று இருந்தது. எங்கள் ரூட் மேப்பில் அந்த இடம் வெறும் புறம்போக்கு. கேபிள் புதைக்கப் பள்ளம் வெட்டிய அன்று நானும் அங்கே நின்றவன்தான். அது என்ன கல் என்று யாரையும் கேட்கவில்லை.

இன்னும் ஒரு முழம் இறங்கினால் கேபிள் அறுந்துவிடும், மலைமேல் ஆஸ்பத்திரிக்கு அதுதான் லைன் என்றேன். இப்போதுதான் எனக்கு மரியாதையாகப் பேச வந்தது.

"ஒயர கொஞ்சம் அந்தாண்ட தள்ள முடியாதுங்களா?"

முடியும். ஆனால் பெர்மிஷன் வாங்கி ஆள் வர ரெண்டு மூணு நாள் ஆகும். "இன்னிக்கு முடியாதுங்க," என்றேன். தலையை நிமிர்த்திச் சொல்ல முடியவில்லை.

அவர் அப்பா கிடந்த பக்கம் பார்த்தார். "சரி, வுடுங்க. தள்ளி வெட்டிக்கிறோம்."

கேபிளைத் தாண்டிப் புதுக் குழி வெட்டினார்கள். மண் அள்ளப் போனேன்; வேண்டாமென்று கையைக் காட்டிவிட்டார்கள். ஸ்டெல்லா மறுபடி கூப்பிட்டார். "சார், அலாரம் இன்னும் அடிக்குது." "அடிக்கட்டும்மா," என்று வைத்துவிட்டேன்.

சாயங்காலம் மேனேஜர், "சூப்பர்யா, கேபிளக் காப்பாத்திட்ட," என்றார்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ரூட் சர்வேக்குப் போனால் மேப்பை மடித்து வைத்துவிட்டு, செத்தவர்களை எங்கே புதைக்கிறீர்கள் என்று முதலில் ஊரில் கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை. அந்தப் புருஷனுக்கும் பெண்சாதிக்கும் நடுவில் இப்போது எங்கள் கேபிள் போகிறது.