கிராம்புக் கொட்டகைக்குத் தண்ணீர் வந்த வழி

பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். மளிகைச் சீட்டைத் தவிர வேறெதையும் சேர்ந்தாற்போல் எழுதியதில்லை. நாலு பேர் நடுவில் பேசவே கூச்சப்படுகிறவள் இத்தனை பேர் படிக்க எழுத வந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாழ்க்கைப்பட்டு வந்த நாள் முதல் குற்றாலத்து அருவியில் குளித்திருக்கிறேன். தலையில் தண்ணீர் விழும்போதெல்லாம், இவ்வளவும் மேலே எங்கே கிடந்தது என்றுதான் நினைப்பு ஓடும். கணவரிடம் கேட்டால், “மலையில இருந்து வருது, வேற எங்கன இருந்து வரும்?” என்பார். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றபின் ஒருநாள் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார். ஓய்வு பெற்றும் ஆறு வருஷம் ஆகிவிட்டது.

இந்தப் பங்குனியில்தான் வாய்த்தது. கணவருக்குத் தெரிந்த அண்ணாச்சி ஒருவர் மலைமேல் இருக்கும் கிராம்புத் தோட்டத்துக்குக் காவல். பறிப்பு முடிந்து, காயப்போடும் கொட்டகை காலியாகக் கிடந்தது. வனத்துறையில் அனுமதியும் வாங்கித் தந்தார். அடுத்த வாரம் காட்டுத்தீக்குப் பயந்து பாதையை அடைத்துவிடுவார்கள் என்றார். கோயம்புத்தூரில் இருக்கும் மகளும் மாப்பிள்ளையும் லீவில் வந்திருந்தார்கள். நாலு பேரும் ஒரு ராத்திரி தங்கி வருவதாக முடிவானது.

கிளம்பும்போது மகள் ஒரு கேனை எடுத்தாள்.

“எதுக்குட்டி அது?” என்றார் அவள் அப்பா.

“தண்ணிக்குப்பா.”

“குத்தாலத்துக்காரன் மலைக்குத் தண்ணி சுமந்துட்டுப் போனாம்னு தெரிஞ்சா ஊரே சிரிக்கும். வச்சிட்டு வா.”

அடிவாரத்தில் சாவியைக் கொடுத்த அண்ணாச்சியும், “கொட்டகை வாசல்ல கருப்பு ஓஸ் குழாய் ஒண்ணு கிடக்கும். அதுல தண்ணி அது பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும், தாயி” என்றார். ஆளுக்கொரு பாட்டிலோடு ஏறினோம்.

வழியில் மூன்று ஓடைகளைத் தாண்டினோம். மூன்றிலும் கல்தான் கிடந்தது. சாரல் மாதங்களில் இரைச்சல் காதை அடைக்கிற மலை, அன்றைக்கு மூச்சுக்கூட விடாமல் இருந்தது. மூன்றாவது ஓடையில் நான் குனிந்து மணலைத் தோண்டிப் பார்த்தேன். கீழே ஈரமாக இருந்தது. “என்னத்தைத் தொலைச்ச?” என்று கேட்டார் கணவர்.

கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் மணி இரண்டரை. கல் சுவர், தகரக் கூரை, ஒரே அறை. தரையெல்லாம் கிராம்பு வாசம். பையை இறக்கியதும் கணவர் ஓஸைத் தூக்கிப் பார்த்தார். ஒரு சொட்டு வரவில்லை. உதறினார், ஒரு எறும்பு வந்தது.

நாலு பாட்டிலிலும் சேர்த்து அரை பாட்டில்தான் மிச்சம். கணவர் கடிகாரத்தைப் பார்த்தார். “மூணரைக்குள்ள தண்ணி கிடைச்சா தங்குவோம். இல்லன்னா இறங்கிருவோம். இருட்டினா பாதையில யானை நிக்கும்.”

“கேனை வச்சிட்டு வான்னது யாரு?” என்றாள் மகள்.

“ஏட்டி, இப்ப அது முக்கியமா?”

இறங்கிவிட்டால் இனி எனக்கு மலை இல்லை என்று தெரிந்தது. அழுகை வருகிற மாதிரி இருந்தது. அப்போதுதான் தோன்றியது: ஓஸ் இருந்தால் அதற்கு ஒரு மறுமுனை இருக்க வேண்டுமே? யாரிடமும் சொல்லாமல் அதைப் பிடித்துக்கொண்டே மேலே நடந்தேன். தனியே விடக்கூடாது என்று மாப்பிள்ளையும் பின்னால் வந்தார்.

புதருக்குள்ளும் பாறை இடுக்கிலுமாக ஓஸ் நெடுந்தூரம் போனது. கடைசியில் பெரிய பாறையின் அடியில் ஒரு சோற்றுப்பானை அளவுக்குக் குழி. அதில் தண்ணீர் இருந்தது! ஊற்று என்றால் பொங்கும் என்று நினைத்திருந்தேன். இதுவோ பாறைக்கு வேர்த்த மாதிரி கசிந்துகொண்டிருந்தது. உள்ளே விரல்நகம் அளவில் ஒரு நண்டு. மட்டம் இறங்கியதால் ஓஸின் வாய் தண்ணீருக்கு மேலே நின்றது. இலைகளை அள்ளிவிட்டு, வாயை உள்ளே அமுக்கி, மேலே கல்லை வைத்தேன். ஆனாலும் ஓடவில்லை. உள்ளே காற்று அடைத்திருந்தது.

இந்த வேலை எனக்குத் தெரியும். எங்கள் தெருக்குழாயில் தண்ணீர் தானாக மேலேறாது. ஓஸைச் சொருகி வாயால் உறிஞ்சினால்தான் குடத்துக்கு வரும். கொஞ்சம் கீழே ஒரு இணைப்பு இருந்தது. அதைக் கழற்றினேன். ஆனால் மாப்பிள்ளை எதிரே நிற்கும்போது எப்படி வாயை வைப்பது? சும்மா நின்றேன்.

“நான் உறிஞ்சறனுங்க அத்தை” என்று அவரே வாங்கினார். ஒரே இழுப்பு. சேறும் அழுகின இலையும் வாய்க்குள் போய், பாதியை விழுங்கிவிட்டு இருமினார்.

“நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க” என்றேன்.

“எதுக்குங்க?”

“திரும்பிக்கோங்களேன்.”

திரும்பிக்கொண்டார். வயிற்றை எக்கி, நிறுத்தி நிறுத்தி உறிஞ்சினேன். நாலாவது இழுப்பில் நாக்கில் குளிர்ச்சி பட்டது. சட்டென்று இணைப்பை மாட்டினேன். ஓஸ் கையில் கனத்தது.

கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து மகள், “அம்மா, வந்துட்டு! கலங்கலா வருது!” என்று கத்தினாள். மணி மூன்று இருபது.

மாப்பிள்ளையை அனுப்பிவிட்டு நான் குழி ஓரத்தில் உட்கார்ந்தேன். குழிக்குள் விழாமல் பாறையின் பக்கவாட்டில் கசிந்த மிச்சம் நூலாகப் போய்க்கொண்டிருந்தது. அதில் ஒரு இலையைப் போட்டேன். இரண்டு முழம் போய்ப் பாறைக்கு அடியில் நுழைந்துவிட்டது. அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன், வெளியே வரவில்லை. இந்த நூலா அருவியாகிறது? இதுபோல் எத்தனை நூல்? பங்குனியில் இப்படிக் கசிகிற பாறை ஆனியில் எப்படி இருக்கும்? வெளிச்சம் மங்கும்வரை ஒவ்வொரு கல்லாகத் தூக்கிப் பார்த்தேன். கணவர் வந்து கூப்பிட்டபோது அவருக்கும் இலையைக் காட்டினேன். அவரும் ஒன்றைப் போட்டுவிட்டு, அது எங்கே போகிறதென்று குனிந்து பார்த்தார்.

மறுநாள் எட்டு மணிக்கு இறங்கத் தொடங்கி, பன்னிரண்டு மணிக்கு ரோட்டுக்கு வந்தோம். மாப்பிள்ளைக்கு வயிறு சரியில்லை. தென்காசியில் மாத்திரை வாங்கிக் கொடுத்தோம்.