அம்மன் கழுத்துக் காசு

செல்போன் கடையில் ஈயம் உருகும் வாடை மூக்கில் ஏறியதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. கடைக்காரர் மேல் அல்ல, என் அத்தை மேல்.

எழுபதுகளில், அரியலூரில், தாமரை போட்ட பித்தளை இருபது பைசாக் காசுகளைக் கீறல் படாமல் துணியில் சுற்றிச் சேர்த்துவந்தேன். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வாசலில் இதே வாடை. உடையார்பாளையத்து அத்தை ஆசாரியை உட்காரவைத்து, என் காசுகளில் வளையம் பற்றவைத்து, மாரியம்மனுக்கு மாலை கோக்கிறாள்!

"என்னைக் கேட்டீங்களா அத்தை?" என்று கத்தினேன்.

"சாமிக்குத்தான்டி போடுறேன், என் வூட்டுக்கா கொண்டுபோறேன்? கன்னத்துல போட்டுக்க!"

நான் போட்டுக்கொள்ளவில்லை. கோயிலில் எல்லோரும் அம்மன் முகத்தைப் பார்த்துக் கும்பிடுகிறார்கள். என் பார்வை மட்டும் இன்றுவரை கழுத்தைத் தாண்டி மேலே போனதில்லை.