முதல் பொத்தான்

வெள்ளைத்துரை என்கிற பெயரைப் புஷ்பம் முதன்முதலில் கேட்டது அறுபத்தெட்டில், அவளுடைய சின்ன அத்தை சரோஜாதேவி வரன் சொல்ல வந்த அன்றைக்கு. மாப்பிள்ளை அத்தைக்கு நாத்தனார் மகன். அடையாறு பக்கம் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் கண்ணாடி ஊதுகிற வேலை.

"வெள்ளைத்துரையா? வெள்ளைக்காரன் கப்பலேறி இருவது வருசம் ஆச்சே, இவன் மட்டும் இங்க இன்னா பண்ணிக்கினு கீறான்?" என்றாள் புஷ்பம். அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தத் தையிலேயே கல்யாணம்.

வெள்ளைத்துரை கண்ணாடிக் குழாயைத் தீயில் உருக்கி, வாயால் ஊதி, குடுவையும் சோதனைக் குழாயும் செய்வான். கறுப்புக் கண்ணாடி மாட்டினால் தீயின் நிறம் பிடிபடாது என்று வெறுங்கண்ணால்தான் பார்ப்பான். எழுபத்திரண்டு வாக்கில், தட்டில் கறிவேப்பிலையை விரலால் தடவித் தேட ஆரம்பித்தான்.

"இன்னாய்யா, கண்ணுல பூ விழுந்துக்கீதா?"

"பூ இன்னா, புஷ்பமே விழுந்துக்கீற. வெளியில மூச்சு விடாத. வேலை பர்மனென்ட் ஆவட்டும், அப்பால டாக்டர்கிட்ட போலாம்."

எழுபத்து நான்கில் மயிலாப்பூரில் ஒரு மண்டபத்தில் மியூசியக்காரர்கள் கண்காட்சி வைத்தார்கள். வருகிறவர்களே பொத்தானை அமுக்கிப் பார்க்கலாம். வெள்ளைத்துரை தேங்காய் அளவில் ஒரு கண்ணாடிக் கண் ஊதிக் கொடுத்தான். முதல் பொத்தான் நல்ல கண்: பின்னால் திரையில் கோபுரப் படம் தலைகீழாகப் பளிச்சென்று விழும். இரண்டாவதை அமுக்கினால் மோட்டார் ஓடி, மணல் போட்டுத் தேய்த்த கண்ணாடி ஒன்று முன்னால் இறங்கும். அது புரை விழுந்த கண், கோபுரம் புகையாகிவிடும். மேலதிகாரி ராஜகோபாலன், "இது நல்லபடியா முடியட்டும், உன்னை பர்மனென்ட் பண்ண எழுதறேன்" என்று சொல்லியிருந்தார்.

முதல் நாளே நல்ல கூட்டம். புஷ்பமும் மகள் சீதாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். மோட்டாரில் என்ன கோளாறோ, தேய்த்த கண்ணாடி இறங்கினது இறங்கினபடி நின்றுவிட்டது. அது தெரியாமல் யாரோ முதல் பொத்தானை அமுக்க, வெள்ளைத்துரை சத்தமாகச் சொன்னான்: "பாருங்க, இதான் நல்ல கண்ணு. கலசம் வரைக்கும் தெரியுதா?"

"கோபுரம் எங்க நைனா கீது? வெறும் புகைதான் கீது!" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"நல்லாப் பாருப்பா. உன் கண்ணை டாக்டர்கிட்ட காட்டிக்கினு வா மொதல்ல."

எல்லாரும் சிரித்தார்கள். புஷ்பம் வாய் திறந்து சொன்னால் அவளே காட்டிக்கொடுத்ததாகிவிடும். சீதாவை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

ராஜகோபாலன் பக்கத்தில் வந்து கேட்டார்: "வெள்ளைத்துரை, இப்ப முன்னால எந்தக் கண்ணாடி இருக்கு?"

"ஒண்ணுமில்ல சார். சுத்தமா இருக்கு."

திட்டியிருந்தால் தேவலை. ராஜகோபாலன் அவன் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார்.

வேலை போயிற்று. புரையை எடுத்தாலும் பயனில்லை, உள்ளே நரம்பே பட்டுப்போய்விட்டது, ரெண்டு வருஷம் முன்னாலேயே வந்திருக்கக் கூடாதா என்றார் கண் டாக்டர். புஷ்பம் புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவன் டாக்டர் குரல் வந்த பக்கமே முகத்தை வைத்துக்கொண்டிருந்தான்.

கோடம்பாக்கத்தில் ஒரு ஸ்டூடியோ சமையற்கட்டில் அவளுக்கு வேலை கிடைத்தது. ஒருநாள் அவன் தனியாக ரோட்டில் இறங்கி, பஸ்ஸில் அடிபடாமல் தப்பியதே பெரிது.

வெள்ளைத்துரை இப்போது நந்தனத்தில் ஓர் ஒற்றை அறை வீட்டுக்குள் இருக்கிறான். காலையில் புஷ்பம் சீதாவையும் கூட்டிக்கொண்டு, வெளியே பூட்டிவிட்டுப் போகிறாள். சாயங்காலம் வந்து திறக்கிறாள்.