அன்புச்செல்வன் போட்டுக்கொள்ளாத ஊசி

தடுப்பூசியும் வேண்டாம், போட்டதாகச் சொல்லும் பொய்ச் சான்றிதழும் வேண்டாம் என்றவனை வீம்புக்காரன் என்பதா, யோக்கியன் என்பதா? அவனைக் கட்டிக்கொண்ட சந்தியாவுக்கே தெரியவில்லை.

கச்சிராயபாளையத்தில் கரும்பு வெட்டும் குடும்பத்தில் பிறந்து, கபடி ஆடியே ஒரு தொழில்முறை அணிக்குப் போனவன் அன்புச்செல்வன். கொரோனா ஆண்டில் அவனுடைய அண்ணன் அய்யப்பன் ஊசி போட்ட மூன்றாம் நாள் இறந்துபோனார். பழைய இருதய நோய்தான், ஊசி காரணமில்லை என்று டாக்டர் விளக்கினார். அன்புச்செல்வன் நம்பியதுபோலத் தலையாட்டினான். ஆனால் அணி சான்றிதழ் கேட்டபோது ஊசிக்குக் கையை நீட்டவில்லை.

அணித் தோழன் ஆகாஷ் வீடு தேடி வந்தான்.

"போட்ட மாதிரி சர்டிபிகேட் நான் வாங்கியாரேன் மாப்ள. நீ ஊம்னு மட்டும் சொல்லு."

"கபடி பாடிக்கினு போறப்ப எதிராளி மூஞ்சி மேலதான்டா மூச்சு வுடறோம். அவன ஏமாத்திட்டு எப்பிடிறா ஆடறது?"

ஆகாஷ் போனதும் சந்தியா வெடித்தாள். "ஊசியும் வாணாம், பொய்யும் வாணாம்னா உனக்கு இன்னாதான்யா வோணும்? திரும்பியும் கரும்பு வெட்டப் போறியா?"

அணி ஒப்பந்தத்தை ரத்து செய்தது. அவனுடைய எண் போட்ட சட்டையில் வேறொருவன் ஆடியதை இருவரும் டிவியில் பார்த்தார்கள்.

மறுநாள் காலை இருவரும் கரும்பு வெட்டப் புறப்பட்டார்கள். வழியில் பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி முகாம் நடந்தது. அவன் கொடுவாளை அவளிடம் கொடுத்துவிட்டு, வரிசையில் நின்று ஊசி போட்டுக்கொண்டான்.

"இத போன மாசமே போட்டிருந்தா இன்னாய்யா?" என்றாள் சந்தியா.

அவன் பஞ்சைக் கையில் அழுத்திப் பிடித்தபடி கரும்புக் கொல்லையை நோக்கி நடந்தான். அணி கேட்டபோது ஏன் மறுத்தான், யாரும் கேட்காதபோது ஏன் போட்டுக்கொண்டான் என்று அப்போதும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.