உதயகுமார் குத்திய இரண்டு புள்ளிகள்

எங்கள் பட்டறையில் உதயகுமார் கை வைத்த சாமானை யாரும் மறுபடி அளந்து பார்ப்பதில்லை. அளந்தால் அவருக்குக் கோபம் வரும். அளந்தாலும் ஒரு குறையும் அகப்படாது, அதுதான் நமக்கு வரும் கோபம். மண்ணூர்பேட்டையில் தொழிற்பேட்டையை ஒட்டி, இரும்பு அச்சுகள் செய்யும் டூல் ரூமில் அவர் ஃபிட்டர், நான் கிரைண்டிங் மெஷின். இருபத்தெட்டு வருடமாக அடுத்தடுத்த மேசை. அதனால் அவரைக் கிண்டல் பண்ண எனக்கு முழு உரிமை உண்டு.

அவருடைய அப்பா அதே பக்கத்தில் அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்கியவர். இவர் ஐ.டி.ஐ. முடித்து அரம் பிடித்தார். வீட்டில் முதல் தொழில்காரர் என்கிற பெருமை இன்றைக்கும் நடையிலேயே தெரியும். அவரிடம் சட்டம் ஒன்றே ஒன்றுதான். ஒன்றோடொன்று சேரவேண்டிய இரண்டு துண்டைப் பொருத்தி ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிப்பார். நடுவில் மயிரிழை வெளிச்சம் தெரிந்தால் சாமான் குப்பைக்குப் போகும். தெரியாவிட்டால் ஓரத்தில் பஞ்ச் ஆணி வைத்து இரண்டு புள்ளி குத்துவார். அதுதான் அவர் கையெழுத்து.

அவர் மகள் நிஷா ஆவடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர், சாரணியர் படைக்கும் பொறுப்பு. போன டிசம்பரில் முதல்முறையாகத் திருநின்றவூர் ஏரிப் பக்கம் ஒரு மாந்தோப்பில் பன்னிரண்டு பெண்களை வைத்து இரண்டு நாள் முகாம் போட்டாள். பிள்ளைகளே விறகு அடுக்கி, நெருப்பு மூட்டி, தங்கள் ராச்சாப்பாட்டைத் தாங்களே செய்ய வேண்டும் என்பது அவள் பிடிவாதம். இரண்டு ரொட்டிக்கு நடுவே உருளைக்கிழங்கு மசாலா, இனிப்புக்கு சோமாசி மாவில் தேங்காய்ப் பூரணம். இரண்டையும் இரும்புத் தட்டுகளுக்கு நடுவே இறுக்கித் தணலில் வாட்டுவது.

ஹெச்.எம். அம்மாவுக்கு இதில் அரை மனசுதான். "சனிக்கிழமை ஏழு மணிக்கு பஸ்ஸோட வருவேன். பிள்ளைங்க சாப்பிட்டிருந்தா முகாம் நடக்கட்டும். பட்டினியா இருந்தா அப்பவே ஏத்திக் கூட்டிட்டுப் போயிடுவேன். அப்புறம் நெருப்பு, தோப்புன்னு என்கிட்ட வரக்கூடாது" என்று சொல்லிவிட்டார்.

கடையில் விற்கும் டோஸ்டருக்குக் கைப்பிடி ஒரு சாண். விறகு நெருப்பில் ரொட்டிக்கு முன்னால் கை வெந்துவிடும். அதனால் மகளுக்காக உதயகுமாரே இறங்கினார். முதலாளியிடம் கேட்டு வெட்டு மிச்சத் தகடு வாங்கி, இரண்டு வாரச் சாப்பாட்டு இடைவேளையில் ஆறு டோஸ்டர் கம்பி செய்தார். மூன்றடிக் கைப்பிடி. கீழே ஆழமில்லாத பெட்டி மாதிரி ஒரு தட்டு, அதற்குள் இறங்கி உட்காரும் மூடி.

"வூட்டு அடுப்புல ஒரு தபா வெச்சுப் பாத்தியா?" என்று கேட்டேன்.

"இன்னாத்துக்கு மாமே? வெளிச்சம் தெரிதா பாரு."

தெரியவில்லை. ஆறிலும் தெரியவில்லை.

"அப்ப புள்ளி குத்த வேண்டியதுதான?"

"ஹெச்.எம். அம்மா சாப்ட்டதும் அவங்க முன்னாடி குத்திக்கிறேன்" என்று பஞ்ச் ஆணியையும் சுத்தியலையும் பையில் போட்டுக்கொண்டார். ஆளுக்கு அவ்வளவு தெம்பு.

சனிக்கிழமை மின்சார ரயிலில் ஆளுக்கு மூன்றாகத் தோளில் சாய்த்துக்கொண்டு போனோம். எந்தக் கோயிலுக்கு வேல் எடுத்துக்கொண்டு போகிறீர்கள் என்று ஒரு அம்மா பக்தியோடு விசாரித்தார்.

ஐந்தரை மணிக்கு நெருப்பு தணலாகி அருமையாக இருந்தது. நிஷா கெட்டிக்காரி. ஆறு பெண்கள் ஆறு கம்பியை நீட்டினார்கள், ஒரு பக்கம் வாட்டித் திருப்பினார்கள். மசாலா வாசனை கிளம்பியது. "போதும், திறங்க" என்றாள் நிஷா. ஒன்றும் திறக்கவில்லை. இழுத்தார்கள், முக்கினார்கள். நான் இழுத்தேன். உதயகுமார் விறகுக் கட்டையால் தட்டித் தட்டித் திறந்தபோது உள்ளே இருந்தது கரி.

இரும்பு சூட்டில் பெருக்கும் என்று ஐ.டி.ஐ. முதல் வருடமே சொல்லிக் கொடுக்கிறார்கள். தணல் பக்கம் திருப்பிய மூடி பெருத்து, அந்த அளவுக்குச் சூடேறாத கீழ்த்தட்டுக்குள் இறுகிக்கொண்டது. எங்கள் டூல் ரூமில் எப்போதும் ஏசி ஓடும். வாழ்நாளெல்லாம் குளிர்ந்த இரும்பையே தொட்டவருக்கு நெருப்பு மறந்துபோயிற்று. நானும் அடுப்பைப் பற்றிக் கேட்டேனே தவிர, காரணம் தெரிந்து கேட்கவில்லை.

"சுரண்டிட்டு சாப்பிடலாம் மிஸ்" என்றாள் திவ்யா என்கிற சின்னப் பெண். அவள் சொன்ன விதத்தில் எனக்கே அழுகை வந்துவிட்டது.

நிஷா கோபப்படவில்லை. "அப்பா, தணல் என் வேல, நான் பாத்துக்கறேன். இரும்பு உன் வேல. மணி அஞ்சே முக்கால்" என்று மட்டும் சொல்லிவிட்டு விறகுப் பக்கம் போனாள்.

"மூடில ரெண்டு ஓரத்துல கால் நூல் எடுத்தா தெறந்துரும்" என்றேன். நூல் என்பது எங்கள் பேச்சில் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு.

"வெளிச்சம் தெரியும் மாமே."

"தெரியட்டுமே."

"கை வரலடா" என்றார். அவர் பையில் அரம் இல்லாத நாள் கிடையாது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது. பன்னிரண்டு பிள்ளைகள் பசியோடு நிற்கிறார்கள், இந்த மனுஷனுக்கு மானம் பெரிதாகப் போயிற்று என்று இன்னொரு அரத்தையும் ஒரு மூடியையும் நான் எடுத்தேன். வெடுக்கென்று என் கையிலிருந்த மூடியைப் பிடுங்கிக்கொண்டார்.

"உன் கைல குடுத்தா கோணிக்கும். நீ தண்ணில போட்டு ஆற வெச்சுக் குடு, போதும்."

அப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. ஒரு கல்லில் காலை ஊன்றி ராவினார். ஒவ்வொன்றையும் பொருத்தி நெருப்புக்கு நேரே தூக்கிப் பிடித்தார். ஓரத்தில் செக்கச்செவேலென்று ஒரு கோடு தெரியும்வரை விடவில்லை. முடிந்தது முடிந்ததாகத் தணலுக்குப் போயிற்று. ஆறே முக்காலுக்கு முதல் கம்பி தொட்டதும் திறந்தது. உள்ளே ரொட்டி, ஓரம் நான்கும் ஒட்டி, பொன்னிறமாக, ஆவியோடு. திவ்யா வாய் வெந்தாலும் துப்பவில்லை.

ஏழு மணிக்கு ஹெச்.எம். அம்மா பஸ்ஸோடு வந்து நின்றபோது யாரும் அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவ்வளவு மும்முரமாகத் தின்றுகொண்டிருந்தார்கள். திவ்யா மட்டும் எழுந்து போய் ஒன்றைக் கையில் கொடுத்தாள். அம்மா நின்றபடியே தின்று முடித்து, "தேங்கா வெச்சதும் இருக்குதா?" என்று கேட்டார். அதையும் தின்றுவிட்டு டிரைவரிடம், "வண்டிய எடுத்துட்டுப் போங்க, நாளைக்கு சாயங்காலம் வந்தா போதும்" என்றார்.

பிறகு ஒரு கம்பியைத் தூக்கிப் பார்த்து, "இது யார் செஞ்சது?" என்றார்.

"எங்கப்பா" என்றாள் நிஷா.

"பிசகின சாமான் மேடம்" என்று முணுமுணுத்தபடி உதயகுமார் பையை மூடப் போனார். நிஷா அதற்குள் கையை விட்டு பஞ்ச் ஆணியையும் சுத்தியலையும் எடுத்து நீட்டினாள்.

"புள்ளி குத்துப்பா."

அவர் கம்பியை வாங்கி நெருப்புக்கு நேரே பிடித்தார். கோடு அப்படியே தெரிந்தது. பிறகு கல்லில் வைத்து இரண்டு தட்டுத் தட்டினார். வெளிச்சம் தெரிகிற சாமானில் அந்த மனுஷன் புள்ளி குத்தி நான் பார்த்தது அன்றைக்குத்தான். மற்ற ஐந்தையும் அவரே கேட்டு வாங்கிக் குத்தினார்.